கொயினாவும் கோயில் மணியும்

இந்தக் கொழும்பு ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வார்டு சுவர் மணிக்கூடு இருக்கிறது. ஆனாலும் பின்வீதி மாதா கோயிலில் நண்பகல் மணி அடித்தால் என் கை தானாகக் கரண்டியைத் தேடும். நாக்கின் அடியில் கொயினா மருந்தின் கசப்பு ஊறும். மற்ற நேர்ஸ்மார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் எங்கள் ஊரில் வேலை செய்தவர்கள் இல்லையே.

ஊர் என்றால் மன்னார்ப் பக்கம் வங்காலைக்கு அப்பால், கடலும் கோயிலும் மணலும்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தாதிப் படிப்பு முடித்து, வெள்ளை உடுப்பும் சப்பாத்துமாக நான் வந்திறங்கியபோது, கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த, என்னைப் பெற்ற ஐயா கயிற்றை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாராம். மற்றவர்கள் ஏசியும் காதில் விழவில்லையாம். அந்தச் சப்பாத்து மணலில் நடக்க உதவாது. ஆனால் கழற்ற மனம் வரவேண்டுமே!

கோயிலை ஒட்டிய சிறிய அறைதான் மருந்தறை. கன்னியர் மடத்து மதர் அதை நடத்தினார். நான் அவருக்கு உதவி. மலேரியாக் காய்ச்சல் ஊரையே பிடித்திருந்த காலம். வீடுகளில் மணிக்கூடு கிடையாது. ஆகவே மதர் ஒரு வழி கண்டார்: காலை, நண்பகல், மாலை, செபத்துக்கு மணி அடிக்கும்போது நோயாளிக்கு ஒரு கரண்டி கொயினா. பங்குச் சுவாமியும் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். பிறகென்ன, மருந்தும் செபத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. ஆமென் சொன்ன வாய் மூடுமுன் கரண்டி உள்ளே போய்விடும்.

"இந்தக் கசப்புக்கு ஒரு முழுச் செபமாலை சொல்ல வேணும், மிஸி" என்பார் ரோசக்கா. எங்கள் பக்கத்தில் நேர்ஸைக் கூப்பிடுவது அப்படித்தான். அவருடைய ஒரே மகள் ஞானத்துக்குத்தான் காய்ச்சல் மிகக் கடுமை.

மதரும் நானும் யோசிக்காத ஒன்று இருந்தது. ஆண்டவர் மரித்த துக்கத்துக்காக, பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணி ஓய்ந்துவிடும். ஆண்டவர் உயிர்த்த பிறகுதான் மறுபடி அடிக்கும்.

பெரிய வெள்ளி நண்பகலில் ரோசக்கா வீட்டுக்குப் போனேன். ஞானம் இரண்டு சேலைக்குள் கிடந்து நடுங்கினாள். போத்தலில் மருந்து குறையவே இல்லை.

"ஏனக்கா குடுக்கேல்லை?"

"மணி அடிக்கேல்லையே, மிஸி. அடிச்சாத்தானே குடுக்கிறது?"

பிள்ளையின் வாயைத் திறந்து ஊற்றிவிட்டு அடுத்த வீட்டை எட்டிப் பார்த்தேன். அங்கும் போத்தல் அப்படியே. ஊர் முழுக்க நோயாளிகள் மணிக்குக் காத்துக் கிடந்தார்கள். மதரோ மன்னார் மடத்தில். மணி அடிக்கும் சூசை அண்ணையிடம் ஓடினேன்.

"அண்ணை, ஒருக்கா மணியை அடியுங்கோ."

"உமக்கென்ன விசரே, பிள்ளை? இண்டைக்கு மணி அடிச்சா ஊர் என்னைக் கடலிலை தாட்டுப்போடும்."

முணுமுணுத்தபடி உள்ளே போனவர், அந்த நாட்களில் மணிக்குப் பதிலாகப் பூசையில் தட்டும் மரக்கட்டையோடு வந்தார். "இந்தாரும். இதைத் தட்டினா ஆண்டவரும் கோவிக்கார், சுவாமியும் கோவிக்கார்."

சப்பாத்தைக் கழற்றி வேலியில் கொழுவிவிட்டு ஒழுங்கை ஒழுங்கையாக, வீட்டுக்கு வீடு ஓடினேன். கட்டை கடகடத்தது. "மருந்து நேரம்!" என்று கத்தினேன். பெண்கள் வாசலுக்கு வந்து, என்னைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, உள்ளே போய்ப் போத்தலைத் திறந்தார்கள். மாலையிலும் அப்படியே. அடுத்த நாள் விடியவும் அப்படியே.

அன்று சனி காலை உயிர்ப்புப் பூசையில் மணிகள் ஒன்றாக அதிர்ந்தபோது நான் ஞானத்தின் பக்கத்தில் இருந்தேன். வியர்வையில் நனைந்து கண் விழித்தாள். "அம்மா, மணி அடிக்குது. மருந்து தாங்கோ" என்றாள். ரோசக்கா சிரித்தாரா, அழுதாரா, எனக்குத் தெரியாது. என் கண்ணைக் கண்ணீர் மறைத்துவிட்டது.

அடுத்த ஆண்டு பெரிய வெள்ளிக்குக் காய்ச்சல் இல்லாதவர்களும் கட்டைச் சத்தத்துக்காக வாசலில் நின்றார்கள்.

பிறகு மதர் தன் தேசத்துக்குப் போனார். நான் மேற்படிப்புக்கு இங்கே வந்தேன். மருந்தறையில் இப்போது திருவிழாப் பந்தல் சாமான்கள். மரக்கட்டை எங்கே என்று போன தடவை கேட்டேன். சூசை அண்ணைக்கும் தெரியவில்லை.

இந்தப் பெரிய வெள்ளிக்கும் பின்வீதி மணி அடிக்கவில்லை. மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போனேன். எல்லோரும் வாயைத் திறந்து விழுங்கினார்கள். மணி அடிக்கவில்லையே என்று யாரும் கேட்கவில்லை.