ஐம்பத்தைந்து கிலோ மணி

2007-இல் நடந்தது இது. ஹைதராபாத் ஹப்சிகுடாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தோம். அதற்கு இரண்டு வருடம் முன்பு அமெரிக்காவுக்குக் கிளம்பிய சக ஊழியர் ஒருவர், தன் நாய்க்குட்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். டோசா என்ற ஜப்பானிய இனம். குட்டி வளர்ந்து ஐம்பத்தைந்து கிலோ ஆனது. நான் ஐம்பத்தெட்டு.

மணி என்று பெயர் வைத்தோம். எங்கள் வீட்டில் தமிழ் என்பதால் அவனுக்கும் தமிழ்தான். யாராவது பயந்து ஒதுங்கினால், "ஒண்ணும் பண்ண மாட்டான்" என்று பெருமையாகச் சொல்வேன். ஹிந்தியில் எனக்குத் தடங்கலின்றி வந்த ஒரே வாக்கியமும் அதுதான்.

ஒருநாள் காலை, ஒரு கையில் சங்கிலி, மறு கையில் செல்போன். அலுவலகப் பேச்சு. குறுக்கே ஒரு பூனை ஓடியதும் மணி ஓர் இழுப்பு இழுத்தான். நான் குப்புற விழுந்தேன். பூனை தப்பித்தது. மணி, கேட்டைத் திறந்து வந்த கீழ்வீட்டுப் பள்ளி ஆசிரியை மீது மோதி அவரைத் தள்ளிவிட்டான். வாட்ச்மேன் ஹிந்தியில் "ஹட், ஹட்!" என்று விலகச் சொல்லிக் கத்தினார். மணிக்கு என்ன புரியும்? அந்த அம்மாவின் முகத்தை நக்கிக்கொண்டு நின்றான். நான் "உட்காரு" என்று அலறிய பிறகுதான் அடங்கினான்.

ஆசிரியையின் கை வீங்கிவிட்டது. நான் பழக்கதோஷத்தில், "குச் நை கர்தா, மேடம்" என்றேன்.

"குத்தா குச் நை கர்தா, டீக் ஹை. ஆப் க்யா கர்தே?" என்றார். நாய் ஒன்றும் செய்யாது, சரி. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எனக்கு வெட்கமாகிவிட்டது.

குடியிருப்புச் சங்கத்தில் நாயை அனுப்பிவிடச் சொன்னார்கள். அந்த ஆசிரியைதான் ஒரு மாதம் அவகாசம் வாங்கித் தந்தார்.

மணியைப் பயிற்சியாளரிடம் கூட்டிப் போனேன். பாதி நேரம் அவர் திட்டியது என்னைத்தான். செல்போனை வீட்டில் வைத்துவிட்டு, சங்கிலியை இரண்டு கையாலும் குட்டையாகப் பிடிக்கப் பழகினேன். லிஃப்டில் அவனுக்கு வாய்க்கூடு. 'உட்காரு', 'நில்லு', 'விடு' மூன்றையும் தெலுங்கு எழுத்தில் எழுதி, அர்த்தத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

மாதக் கடைசியில் ஆசிரியை வந்தார். எட்ட நின்று, வகுப்பறைக் குரலில், "உக்காரு!" என்றார். எனக்கே உட்காரத் தோன்றியது. மணி பொத்தென்று உட்கார்ந்தான். அவர் சிரித்துவிட்டார்.

கடைசிவரை மணி எங்களோடுதான் இருந்தான். இப்போதும் யாராவது "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது" என்றால், எனக்கு அந்த வீங்கிய கைதான் நினைவுக்கு வருகிறது. அவர் கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு காலையும் இரண்டு கைகளாலும் பதில் சொல்லித்தான் மணியை நான் வைத்துக்கொண்டேன்.