தங்கையின் கை தெரிய ஒரு திரை

பிளம்பர் வாஷ்பேசின் மாற்றப் போனாலும் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். "தொட்டியில ஆயிரம் லிட்டர்னு போட்டிருக்கே" என்று வீட்டுக்காரர் இழுத்தால், "போட்டிருக்கிறதை நம்பாதீங்க சார், மூடியைத் திறந்து பாருங்க" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே இருபது வருஷம் தொழில் பண்ணிவிட்டார்.

அப்பேர்ப்பட்டவர்தான் போன சனிக்கிழமை ஒரு ஸ்டிக்கரை நம்பி ஏமாந்தார்.

அவருடைய தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடத்தில் படித்த சைகை மொழியை அவள்தான் அண்ணனுக்கும் சொல்லிக்கொடுத்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டால் அண்ணன் என்று அர்த்தம். சாக்கடை அடைப்பு எடுத்துவிட்டு அவர் வீடு திரும்பிய ஒரு நாளில் வைத்த பெயர், இன்றுவரை மாறவில்லை. இப்போது அவள் வெளியூரில் பல்செட் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். போனில் டைப் அடிப்பது அவளுக்கு வேப்பங்காய். அவளுடைய கிண்டலெல்லாம் விரலில்தான் இருக்கிறது.

ஆனால் பார்த்துப் பேச வழி வேண்டுமே. பிளம்பரின் போன் மூன்று தடவை தண்ணீரில் விழுந்து, இப்போது பட்டன் போனில் வந்து நிற்கிறது. மனைவியின் போனில் முன்பக்கக் கேமரா செத்துப் பல மாதமாகிறது. மிச்சம், ஒரு வாடிக்கையாளர் தள்ளிவிட்ட பழைய லேப்டாப். அது திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம் என்கிற நிலைமையில் இருந்ததால், அதிலிருந்த விண்டோஸை எடுத்துவிட்டு, பழைய மெஷினுக்கு ஏற்ற லேசான லினக்ஸை அவரே ஏற்றினார். மெஷின் துள்ளி எழுந்தது. வீடியோ மட்டும் நொண்டியது. தங்கையின் கை தாடைக்குப் போகும், அடுத்து பார்த்தால் மடியில் கிடக்கும். நடுவில் அவள் சொன்னதெல்லாம் போன இடம் தெரியாது.

அவளே பொறுமை இழந்து டைப் அடித்தாள்: "அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வீடியோவுல ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன். காது கேக்கிறவர். எனக்காக சைகை கத்துக்கிட்டார். நீ பேசிப் பார்த்துட்டு சொன்னாத்தான் நான் சரின்னு சொல்லுவேன்." முன்பு பெண் கேட்டு வந்த ஒருத்தர் பத்து சைகையைக் கற்றுக்கொண்டு, மற்றதற்கெல்லாம் தலையாட்டியே ஓட்டியவர். அதனால் இவருடைய கையை அண்ணன் சரியாகப் பார்த்தே ஆகவேண்டும்.

லேப்டாப்புக்குள் படம் காட்டும் கார்டுக்குச் சரியான டிரைவர், அதாவது அதை ஓட்டும் மென்பொருள், போடவில்லை, அதுதான் கோளாறு என்று தெரிந்துகொண்டார். கீபோர்டு ஓரத்து ஸ்டிக்கரில் கார்டின் பெயர் பளபளவென்று இருந்தது. அதற்கான டிரைவரைப் போட்டு, மெஷினை அணைத்துத் திறந்தார். திரை கும்மிருட்டு.

ஞாயிறு காலை ஏழு மணிக்கும் அதே இருட்டு. "நேத்து வரைக்கும் துண்டு துண்டாவாவது தெரிஞ்சுதுங்க" என்றபடி மனைவி தூசி துடைத்தாள். துணி பட்டு ஸ்டிக்கரின் ஓரம் பெயர்ந்தது. அதற்கு அடியில் இன்னொரு பழைய ஸ்டிக்கரின் கிழிசல்.

"இது யாரோ அழகுக்கு ஒட்டினது மாதிரி இருக்கே. போட்டிருக்கிறதை நம்பாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களே" என்றாள்.

பிளம்பர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். மனைவியின் போனில் வழி தேடிப் படித்து, வெறும் எழுத்து மட்டும் வரும் திரைக்குப் போனார். உள்ளே என்ன கார்டு என்று மெஷினையே கேட்கும் கட்டளையை ஒற்றை விரலால் தட்டினார். வந்தது வேறு பெயர், வயதிலும் மூத்தது. தப்பான டிரைவரைக் கழற்றிவிட்டு அந்தப் பழைய கார்டுக்கு உரியதைப் போட்டு முடிக்கும்போது மணி ஒன்பது ஐம்பது.

பத்து மணிக்குத் தங்கை திரையில் வந்தாள். பத்து விரலும் தண்ணீர் மாதிரி ஓடின. "என்ன அண்ணா, தூங்கவே இல்லையா? மூஞ்சியைப் பாரு" என்று கையாலேயே வாரினாள்.

பக்கத்தில் இருந்தவர் கூச்சப்பட்டுக்கொண்டே கையைத் தூக்கினார். தடுமாறினார், தப்பு செய்தார், தங்கை அவர் விரலைப் பிடித்துத் திருத்தினாள். ஆனால் ஒரு இடத்திலும் தலையாட்டித் தப்பிக்கவில்லை. பிளம்பருக்குப் பாதி மனசு நிறைந்தது. மீதிக்கு மூடியைத் திறந்து பார்க்க நினைத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயால் கேட்டார்.

"நமக்கு ரெண்டு பேருக்கும் காது கேக்குதே. வாயாலயே பேசிடலாமே, சுலபமா இருக்கும்ல?"

அவர் வாயைத் திறக்கவில்லை. மெதுவாகக் கையால் சொன்னார். "அவளும் இங்கதானே இருக்கா. அவளை விட்டுட்டு நாம எதுக்குப் பேசணும்?"

ஒரு விரல்கூட விட்டுப்போகாமல் தெரிந்தது. பிளம்பருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் சொந்தக்காரர்கள்கூட அப்படி நினைத்ததில்லை.

"அவரை என்ன கேட்ட?" என்று தங்கை கண்ணை உருட்டினாள்.

"கல்யாணம் எப்பன்னு கேட்டேன்" என்றது பிளம்பரின் கை.

"அதைக் கேக்கலையே" என்றது அவர் கை, அப்பாவியாக.

"இப்பக் கேக்கிறேன்."

தங்கை முகத்தை மூடிக்கொண்டாள். அவர் அவளைத் தொட்டு, "உங்க அண்ணனை நான் எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டார். அவள் சொல்லிக்கொடுத்தாள்.

அவர் ரொம்ப மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்து, பிளம்பரைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்.