சுவரைத் தாண்டி வந்த நெட்

இதை எழுதப் பல வருடங்களாகத் தயங்கினேன்.

கொழுந்தனார் குடும்பத்தோடு பகையாகி, வீட்டின் நடுவே சுவர் வைத்தோம். நெட் இணைப்பு தனித்தனி; மீட்டரும் ஒயரிங்கும் மட்டும் பொதுவாகவே இருந்தன. கரண்ட் ஒயர் வழியாகவே அறைக்கு அறை நெட் கொண்டுபோகும் சின்னப் பெட்டிகளை இரண்டு வீட்டிலும் பிளக்கில் மாட்டியிருந்தோம். ஒரே ஒயரிங் என்றால் நெட் அடுத்த வீட்டுக்கும் போகும் என்று கடைக்காரர் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில் முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு, நேராகக் கொழுந்தனார் மனைவியிடம் போனேன்.

"ஏம்புள்ள, எங்க நெட்டத் திருடறதுக்கு வெக்கமா இல்லியா?" என்று கத்தி, அவர்கள் பெட்டியைப் பிடுங்கினேன்.

"அம்மா, நெட் போயிருச்சு!" என்று எங்கள் வீட்டிலிருந்து மகள் அலறினாள். காலேஜுக்கு விண்ணப்பம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள்.

"உங்களுக்கு நெட் வர்ற போன் லைன் செத்து ஒரு வாரமாச்சுங்க அக்கா. கண்ணு எங்க நெட்டுலதான் எழுதிட்டிருக்குது. தெரிஞ்சேதான் உட்டு வெச்சோம். உங்களுக்காக இல்லீங்க" என்றவள், என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத் திரும்ப மாட்டினாள்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அதற்காகத்தான் முருகனிடம் வேண்டியிருந்தேன். அவளிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

இதை யாரிடமாவது சொன்னால், நான் திட்டியதையும் விடாமல் அப்படியே சொல்லுங்கள்.