லண்டன்காரி உயிரோடு இருக்கிறாளா?

அஞ்சல் பெட்டியில் சாவியைத் திருகும்போது மூசா கண்களை இறுக மூடிக்கொள்வார். கதவு திறந்ததும் கையை விட்டுத் துழாவுவார். வங்கி உறைகள் வழுவழுப்பாக இருக்கும். குவைத்தின் ஃபஹாஹீலிலிருந்து வரும் உறை மட்டும் சொரசொரப்பு. துபாயில் தபால்காரர் வீடு தேடி வருவதில்லை. அஞ்சலகத்தில் இருக்கும் முதலாளியின் பெட்டிதான் மூசாவுக்கும் முகவரி. கடைச் சாவியை மறந்தாலும் இதை மறக்கமாட்டார்.

மீனா பஜாரில் புடவைக் கடை விற்பனையாளர், கீழக்கரைக்காரர். மொழிபெயர்ப்புக்குச் சொல் தேடி, முந்தானையை விரித்தபடியே, "ஏக்கம் நல்லாருக்கா, தவிப்பு நல்லாருக்கா?" என்பார். வந்த அம்மாள் புடவையின் பெயரென்று நினைத்து இரண்டையும் எடுத்துக் காட்டச் சொல்வார்.

போர்க்கால இங்கிலாந்தில் இரண்டு எழுத்தாளத் தோழிகள் எழுதிக்கொண்ட கடிதங்கள் பழைய புத்தகக் கடையில் ஆளுக்கொன்றாக இரண்டு பாகமாகக் கிடைத்தன. கிராமத்துத் தோழியை மூசா வைத்துக்கொண்டார். லண்டன்காரியை, குவைத்தில் வேலை பார்க்கும் சிநேகிதர் சேதுமாதவன் கொண்டுபோனார். ஒருவர் பாகத்தை மற்றவர் பார்க்கக் கூடாது. பதில் தமிழாகித் தபாலில் வந்தால்தான் தெரியும். சொந்தச் சமாசாரம் ஒரு வரி சேர்க்கவும் கூடாது. அப்படி ஒரு கிறுக்கு இருவருக்கும்.

மூசாவின் பாகம் முடிந்துவிட்டது. கடைசிக் கடிதத்தில் கிராமத்துக்காரி கெஞ்சுகிறாள்: 'உன் தெருவில் குண்டு விழுந்ததாம். ஒரு வரியாவது எழுது.' அதைத் தமிழாக்கி அனுப்பிய வாரம் இங்கேயே போர் மூண்டது. விமானங்கள் நின்றன, தபாலும் நின்றது. மூசாவுக்குச் சோறு இறங்கவில்லை.

குவைத்தில் அபாயச் சங்கு ஊதுகிறதென்று கேள்விப்பட்டதும் போன் போட்டார்.

"எஞ்சினியர் சார், உசுரோட இருக்காளா?"

"ஏன் பாய், நான் இருக்கேனான்னு கேக்கமாட்டீங்களா?"

"அதான் பேசுறியளே! அவ?"

"தபால்ல வரும்." சேதுமாதவன் வைத்துவிட்டார்.

அதன் பிறகுதான் மூசாவுக்கு அது நினைவுக்கு வந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் சங்கு ஊதிக்கொண்டிருந்ததை அவர் காது கேட்டிருந்தது.

விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கிப் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலை, விரல் நுனியில் சொரசொரப்பு தட்டியது. நின்ற இடத்திலேயே கிழித்துப் படித்தார். 'கூரை போய்விட்டது. நான் போகவில்லை. உன் கதையில் மூன்றாம் பக்கம் படுமட்டம், திருத்து.'

"இருக்கா! கூரை போயும் குறை சொல்றா பாருங்க!" என்று அஞ்சலகமே அதிரக் கத்தினார். பக்கத்தில் நின்ற பட்டாணிய ஓட்டுநர், குழந்தை பிறந்திருக்கிறதென்று எண்ணி, "முபாரக், பாய்!" என்று கட்டிக்கொண்டார். மூசா அழுதுகொண்டே சிரித்தார்.

தாளின் அடியில் சேதுமாதவன் 'முற்றும்' என்று போட்டிருந்தார். இனி அனுப்புவதற்கு ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

கடைக்கு ஓடினார். புடவைப் பெட்டிக்குள் வைக்கும் வெள்ளைத் தாளை உருவி, வலது மூலையில் 'மீனா பஜார், பர் துபாய்' என்று எழுதினார். கீழே 'எஞ்சினியர் சார்' என்று தொடங்கி, அடித்துவிட்டு, 'அன்புள்ள சேது' என்று எழுதினார்.