கியர் தகட்டில் என் காப்புக் கீறல்

புக்கிட் காத்தில் ஊரிலுள்ள எங்கள் கார் பட்டறையில் என் மகன் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கியர் தகட்டைச் சோதித்தான். தகட்டில் வெட்டியிருந்த பள்ளத்தில் கியர் தண்டு இடித்து ‘கிளிங்’ என்றதும் எனக்குச் சின்ன வயது திரும்பியது.

அப்பா சிம்பாங் அம்பாட் எஸ்டேட் துரையின் டிரைவர். துரையின் காரிலிருந்த இதே போன்ற தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார். ஒருநாள் என் காப்பு அதைக் கீறிவிட்டது. பிறகு யாரோ அந்த அசலைக் கழற்றிப் போலியை மாட்டினார்கள். எஸ்டேட் கணக்கரான கிராணி அப்பாவைத் திருடன் என்றார். அப்பாவின் வேலையும், எஸ்டேட் தந்த லயத்து வீடும் போயின.

“டுப்ளிகேட் மாதிரி இருக்குலா அண்ணே,” என்றான் மகன், காரைக் கொண்டுவந்தவரிடம்.

“ஒரிஜினல் தம்பி. எங்கப்பா சிம்பாங் அம்பாட் எஸ்டேட்ல கிராணி. அப்பவே வீட்டுக்குக் கொண்டாந்தது,” என்றார் கார்க்காரர்.

ஆள் முன்னால் வராத நான் வந்து, தகட்டிலிருந்த என் காப்புக் கீறலைத் தடவினேன்.

“ஒரிஜினல்தான். உங்கப்பா திருடி எங்கப்பா தலையில கட்டினது. சந்தேகப்படுறவங்கள என்கிட்ட அனுப்பு, நான் சொல்றேன்.”