மூன்றாம் முறை தண்ணீர் விழுந்த காலை

தண்ணீர் விழும் சத்தம். சொம்பால் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம். எங்கள் அடுக்கு வீட்டில் பக்கத்துக் குடித்தனத்தில் யாராவது விடியுமுன் குளித்தால் இன்றும் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. உடம்பு அசையாது. காது மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஊற்றி முடித்து வாளியைக் கவிழ்த்துவிட்டார்களா? கதவு திறந்ததா? திறந்தது. அப்புறம்தான் எனக்கு மூச்சு வரும்.

பாகவத அன்பர்களே, ஸ்ரீரங்கத்துத் தாயார் எங்களுக்குச் செய்த உபகாரத்தை எழுதவேண்டும் என்று நெடுநாளாக மனசு அரித்துக்கொண்டிருந்தது. எழுதவிடாமல் தடுத்தது ஒரே ஒரு சொல். என் அகத்துக்காரர் ரங்கராஜன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருக்கு மனநோய். இதோ, எழுதிவிட்டேன். இத்தனை வருஷமும் 'உடம்பு சரியில்லை' என்றே சொல்லி வந்தோம். காய்ச்சல் என்றார்கள் சிலர். நானும் ஆமாம் என்றேன்.

அது வந்தால் அவர் காதில் யாரோ பேசுவார்கள். சாதத்தில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவார். ஒரு தடவை காணாமல் போய், கொள்ளிடக் கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றவரை மீனவர்கள் கைபிடித்துக் கூட்டி வந்தார்கள். ஒவ்வொரு முறையும் காவிரிப் பாலம் தாண்டி, புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி. ஊசி. தூக்கம். வாரக்கணக்கில் அந்த வார்டின் பச்சைச் சுவர். பிறகு மெலிந்து, வெட்கப்பட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வீடு திரும்புவார். மெல்ல மெல்லப் பழைய மனுஷர் ஆவார். சிரிப்பார். சாக்பீஸ் தூளோடு வந்து காபி கேட்பார். நான் நிம்மதியாவேன். திரும்ப வரும்.

வார்டிலும் எங்களை எல்லாருக்கும் தெரியும். அங்கே ஓர் ஆண் நர்ஸ் உண்டு, வேடிக்கையாகப் பேசுகிறவர். "வாங்க சார், உங்க பெட்டை யாருக்கும் குடுக்காம வச்சிருக்கோம்" என்பார். நான் சிரித்து வைப்பேன். வீட்டுக்கு வந்து அழுவேன். மூத்தவர் ஜெயந்தி சிஸ்டர். என் அகத்துக்காரர் வாயைத் திறக்க மறுத்த நாட்களில் ரசம் சாதத்தைப் பிசைந்து தன் கையால் ஊட்டியவர். அவர்தான் என்னை வராந்தாவில் உட்காரவைத்துச் சொன்னார்: "இந்த நோய் இப்படித்தாம்மா. வரும், போகும், திரும்பி வரும். நாங்க எத்தனை பேரைப் பாக்குறோம். மனசைத் தேத்திக்குங்க."

கல்நெஞ்சோடு சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். பரிவோடு சொன்னார். அதனால் நம்பிவிட்டேன்.

கடைசியாக அட்மிட் ஆனபோது சென்னையிலிருந்து இவருடைய தமையனார் வந்தார். கட்டில் ஓரம் நின்று, கட்டிலைப் பார்க்காமல், என்னிடம் பேசினார். "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா ஹோம்லதான், கோமளா. அங்க நல்ல இடம் ஒண்ணு பேசி வச்சிருக்கேன். அப்புறம் அங்கயே இருக்கட்டும். உன்னால முடியாதும்மா."

"அவர் காதுல விழறது அண்ணா."

"விழட்டும். அவனுக்கு என்ன புரியப்போறது?"

கட்டிலில் ஒரு கை போர்வையை இழுத்துக்கொண்டது. புரிந்தது என்பதற்கு அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

அன்று சாயங்காலம் தாயார் சந்நிதிக்குப் போனேன். ஸ்தோத்திரம் எதுவும் வாயில் வரவில்லை. குங்குமப்பூ வாசனையும் நெய்விளக்கின் வெக்கையுமாக எதிரே அவள். நான் கடைக்காரரிடம் கேட்பது போலக் கேட்டேன். 'குணமாக்கு என்று கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது. இனி அது வேண்டாம். இன்னொரு தரம் அந்த வார்டில் படுக்காமல் பண்ணு. அவரை என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போகாமல் பண்ணு. இதுமட்டும் போதும்.' அர்ச்சகர் தீர்த்தம் தந்தார். வாங்கிப் பருகிவிட்டு வந்தேன்.

பதிலுக்கு ஒரு கேள்வி வந்தது. அது பதில் என்று எனக்கு அப்போது தெரியாது.

வார்டுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்தாள் செல்வி. மண்ணச்சநல்லூர்க்காரி, முப்பதைத் தாண்டிய நர்ஸ். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாருக்கு இந்தத் தடவை எப்ப ஆரம்பிச்சதுங்கம்மா?"

"தட்டைத் தள்ளிவிட்டாரே, அன்னிக்கு."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி நன்னாத்தான் இருந்தார். சொல்லப்போனா ரொம்ப நன்னா இருந்தார்."

"ரொம்ப நல்லான்னா? எப்படின்னு சொல்லுங்க."

சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். விடியுமுன் குளித்துத் தீர்த்தமாடிவிடுவார், ஒரு முறை இல்லை, இரண்டு, மூன்று முறை. மடியாக இருக்கிறேன், தொடாதே என்பார். ஏகாதசி இல்லாத நாளிலும் உபவாசம். கோயிலுக்குக் காலையில், மத்தியானத்தில், மாலையில். எதிர் வீட்டு மாமி, "உங்காத்துக்காரர் ரிஷியாட்டம் ஆயிட்டாரே கோமளா, குடுத்து வச்சவடி நீ" என்றாள். எனக்கும் பூரிப்பு. நோய் ஒழிந்தது, பக்தி வந்தது என்று அக்காரவடிசில் பண்ணிப் பெருமாளுக்கு அமுது செய்வித்தேன்.

"போன தடவை நோய் வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்தாரு?"

 யோசித்துப் பார்த்தேன். போன தடவையும் இதேதான். அதற்கு முந்தியும். சொம்பு. தண்ணீர். மடி.

செல்வி அவசரப்படவில்லை. "நானும் சாமி கும்பிடறவதாங்கம்மா. கும்பிடறதைக் குத்தம் சொல்லல. சார் நல்லா இருக்கறப்ப கோயிலுக்குப் போயிட்டு வந்து என்ன செய்வாரு?"

"வாசல்லேர்ந்தே கத்துவார். 'கோமளா, இன்னிக்கு முத்துக் கொண்டைடி! மாலை முழங்கால் வரைக்கும்!'னு. பெருமாளோட அலங்காரத்தை ஒண்ணு விடாம சொல்லி முடிச்சப்புறம்தான் செருப்பையே கழட்டுவார்."

"நோய் வர்றப்ப?"

"ஒண்ணும் சொல்ல மாட்டார். நேரா தீர்த்தமாடப் போயிடுவார்."

"அப்ப கூடுனது பக்தி இல்லீங்கம்மா. பயம்."

மேஜையிலிருந்து ஜெயந்தி சிஸ்டர் குரல் கொடுத்தார். "செல்வி, இப்படி ஒவ்வொருத்தர்கிட்டயும் உக்காந்து கதை கேட்டா மத்தியான ஊசி யாரு போடுறது?"

"ஊசி குறையட்டும்னுதான்க்கா கேக்குறேன்."

"குறையும், குறையும். நானும் வந்த புதுசுல இப்படித்தான் பேசுனேன்."

செல்வி சிரித்தாள். எழுந்திருக்கவில்லை.

அவளுடைய வார்த்தைகளை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நோயைத் திரும்ப வராமல் தடுக்க முடியுமென்று அவள் சத்தியம் பண்ணவில்லை. "சொல்லிட்டுத்தான் வரும்மா. சொல்றப்பவே கேட்டுட்டா, படுக்கை வரைக்கும் வராம நிறுத்தப் பாக்கலாம். அதுவும் எங்க வேலைதான்" என்றாள். அவ்வளவுதான். வரும், போகும் என்ற அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் திறந்தாற்போல இருந்தது.

இவர் தெளிந்ததும் இவரிடமும் பேசினாள். என் மூலமாக இல்லை, இவர் முகத்தைப் பார்த்து. உபவாச நாட்களில் மாத்திரையை விட்டுவிடுவது அப்போதுதான் வெளியே வந்தது. "விரதத்துல மாத்திரை முழுங்கலாமாம்மா?" என்று இவர் கேட்க, "அதை உங்க பெரியவங்ககிட்ட கேளுங்க சார், வெறும் வயித்துல போடலாமான்னு டாக்டர்கிட்ட நான் கேக்குறேன்" என்றாள். எங்கள் ஆசாரியரான ஸ்வாமி ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஔஷதமா? பேஷா சாப்பிடும்." டிஸ்சார்ஜ் அன்று இவரே எங்கள் இருவர் முன்னாலும் சொன்னார். "காலம்பற மூணாவது தரம் தீர்த்தமாடினேன்னா கோமளா சொல்றபடி கேக்கறேன். அப்ப நான் மாட்டேன்னு சொல்லுவேன். அதைக் கேக்காதீங்கோ."

மாதங்கள் போயின. பள்ளிக்கூடம் போனார். முத்துக் கொண்டை வந்தது, பாண்டியன் கொண்டை வந்தது. வெயில் வந்தது, காவிரியில் தண்ணீர் வந்தது. மார்கழி வந்தது.

பகல்பத்து உற்சவம். ஊரே விழித்திருக்கிற நாட்கள். ஒரு காலை, இருட்டு விலகவில்லை. தண்ணீர் விழும் சத்தம். நின்றது. நான் எழுந்து பாலை அடுப்பில் ஏற்றினேன். மறுபடி விழுந்தது. 'மார்கழிதானே, இவரும் மனுஷர்தானே' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோலம் போட்டேன். உள்ளே வந்தேன்.

மூன்றாம் முறை தண்ணீர் விழுந்தது.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. நான் நிற்கிறேன். ஹோம். போர்வையை இழுத்துக்கொண்ட அந்தக் கை. தாயாரே என்று ஒரு சொல், அதற்கு மேல் பிரார்த்தனை கிடையாது. போனை எடுத்தேன்.

"செல்வி லீவும்மா." மறுமுனையில் ஜெயந்தி சிஸ்டர்.  தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லப்போகிறார். ஆனாலும் சொன்னேன். தண்ணீர், மூன்று முறை. ஈரத் துணியோடு இவர் எதிரே வந்து நின்றுவிட்டார்.

"யாரோட பேசறே? நீயும் அவாளோட சேந்துண்டுட்டியா?"

"நீங்கதானே சொன்னேள், என் பேச்சைக் கேக்கறேன்னு."

"நான் சொல்லலை. தொடாதே. தள்ளிப் போ."

போனில் குரல் வந்தது. "ஸ்பீக்கர்ல போடுங்கம்மா. சார், நான் ஜெயந்தி. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நேத்து கோயிலுக்குப் போனீங்களா?"

"போனேன்."

"சாமி தலையில நேத்து என்ன வச்சிருந்தாங்க?"

இவர் வாயைத் திறந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்கள் அங்கும் இங்கும் தேடின, கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்தவர் தேடுவது போல. மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"நான் பாக்கலை" என்றார். "கோமளா, நான் பாக்கவே இல்லைடி." அழுதார்.

"பரவால்ல சார். இன்னிக்குப் பாக்கலாம். முதல்ல இங்க வந்துட்டுப் போங்க. பெட்டுக்கு இல்ல, டாக்டரைப் பாக்க. ட்யூட்டி முடிஞ்சாலும் நான் இருக்கேன்."

இருந்தார். பை தோளில், வாசலில். டாக்டர் மருந்தைக் கூட்டினார், தூக்கத்துக்கு ஒன்று சேர்த்தார். மூன்று நாளைக்கொரு தரம் வந்து காட்டிவிட்டுப் போகச் சொன்னார். ஊசியறையைத் தாண்டி, பச்சைச் சுவரைத் தாண்டி, அன்று மத்தியானமே பஸ்ஸில் பாலம் தாண்டினோம். என் தோளில் சாய்ந்து தூங்கினார். எத்தனையோ தடவை தனியாகத் தாண்டிய பாலம் அது.

பிறகுதான் செல்வி சொன்னாள், லீவில் போகுமுன் எங்கள் கதையை ஜெயந்தி சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாளாம். "அக்கா காதுல வாங்குன மாதிரியே காட்டிக்கல" என்றாள். வாங்கியிருக்கிறார். இப்போது அந்த வார்டில் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களின் வீட்டாரை அவரே உட்காரவைத்துக் கேட்கிறாராம், முதலில் எது மாறும் என்று.

இதுதான் அன்பர்களே, தாயார் எனக்குத் தந்தது. நோய் இன்னும் இருக்கிறது. மாத்திரை இருக்கிறது. நாளை எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மார்கழிக்குப் பிறகு இவர் வார்டில் படுக்கவில்லை. நானும் மாறினேன். காய்ச்சல் என்று சொல்வதில்லை. எதிர் வீட்டு மாமியிடமே விவரம் சொன்னேன்; இப்போது அவளும் ஒரு காது கொடுத்து வைத்திருக்கிறாள். உங்கள் அகத்தில் இப்படி ஒருவர் இருந்தால், வெட்கத்தை வாசலில் விட்டுவிட்டுத் தாயாரிடம் போய்க் கேளுங்கள். கேட்டபின் வைத்தியத்தையும் விடாதீர்கள். உங்கள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு யார் உட்காரப்போகிறார்களோ, நமக்கு என்ன தெரியும்? அவள் அனுப்புவாள். நம்புங்கள்.

ஒன்று பாக்கி. அந்த மார்கழிக் காலையைப் பற்றித் தமையனாரிடம் நான் எதையும் மறைக்கவில்லை. மூன்றாம் நாளே சென்னையிலிருந்து காரோடு வந்துவிட்டார். ஹோமில் இடம் சொல்லியாயிற்று, பெட்டியைக் கட்டு என்றார். உள்ளே தம்பி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவேண்டாம் அண்ணா, ஒரு வாரம் இருந்து பாருங்கோ என்றேன். முணுமுணுத்தபடி தங்கினார். தம்பி எழுந்ததையும் சாப்பிட்டதையும் பார்த்தார், தானே மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டதையும் பார்த்தார். அண்ணாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. கோயில் படிகளில் தம்பிதான் அவரைப் பிடித்துக்கொண்டு போனார். ஹோம் என்ற பேச்சு எந்த நாளில் நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

புறப்படும் நாள் கார் வாசலில் நின்றது. பின் ஸீட் காலி. அண்ணா ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தாமல், முதல் தடவையாக என்னைப் பார்க்காமல் இவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ரங்கு, தை பொறந்ததும் முட்டி ஆபரேஷன். பத்து நாள் கூட யாராவது இருக்கணும்னு டாக்டர் சொல்றார். நீ வந்து என்னைப் பாத்துக்கறியாடா?"

இவர் கார்க் கதவைப் பிடித்தபடி சொன்னார்.

"வரேண்ணா. என் மாத்திரையை எடுத்துண்டு வரேன்."