காபிப் பழம் காட்டிய சர்க்கரை

நாங்கள் ஏற்காட்டை அடுத்த கரடியூரில் வசிக்கிறோம். என் மாமனாருக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் மிஷினில் சோதித்து, இன்சுலின் போடுவது என் பொறுப்பு.

போன காபி அறுவடையின்போது, சாயங்காலம் பழம் பறித்துவிட்டு வந்தவரை அப்படியே உட்கார வைத்து விரலில் குத்தினேன். 412!

"ஏனுங்க மாமா, யாருக்கும் தெரியாம என்ன தின்னீங்க?"

"பச்சத்தண்ணிதான் கண்ணு. நம்பாட்டி வாய மோந்து பாரு!"

நான் நம்பவில்லை. வழக்கத்தைவிட நாலு யூனிட் கூட்டி மருந்தை ஊசியில் நிரப்பிவிட்டேன். ஆனாலும் மனசு கேட்காமல், அதைப் போடுவதற்கு முன் எங்கள் ஊருக்கு வரும் நர்ஸ் அக்காவுக்கு போன் செய்தேன்.

"குத்தறதுக்கு முன்னால அவரு கை கழுவுனாருங்களா?" என்றார்.

கழுவவில்லை. காபிப் பழத்தின் இனிப்புச் சாறு விரலெல்லாம் பிசுபிசுத்தது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி குத்தினால் 138! கூட்டிய ஊசியைப் போட்டிருந்தால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்திருப்பார் என்றார் அக்கா.

"பாத்தியா, வியாதி எனக்கில்ல, என்ற கைக்குத்தான்!" என்று மாமா சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. என் குழந்தையின் ஸ்பூனை இரண்டு முறை கொதிக்க வைக்கிறவள், மாமாவைக் கை கழுவச் சொல்ல மறந்திருக்கிறேன்!

இப்போது சோப்பும் துண்டும் கொடுத்த பிறகே மிஷினைத் திறக்கிறேன். அளவு தாறுமாறாக இருந்தால் மறுபடி சோதிக்கிறேன். நர்ஸ் அக்காவைக் கேட்காமல் மருந்தைக் கூட்டுவதில்லை. மாமாவைச் சந்தேகப்படுவதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன்.